உங்கள் வட்டார உறுப்பினரிடம் எதைக் கேட்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

ராஜவெலவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சுற்றாடல் கொள்கை என்பது கொழும்பில் அமைச்சரும் அதிகாரிகளும் பேசித் தீர்க்கிற விஷயம், அதைப் பற்றிக் குண்டசாலை பிரதேச சபை உறுப்பினருக்கு ஒரு கருத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியைத் திகனயிலும் மெனிக்கின்னயிலும் கண்டி நகரத்திலும் கேட்டிருக்கிறேன். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கொழும்பில் எழுதப்படும் கொள்கை உங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது குப்பை ஏற்றும் டிரக்டராக வருகிறது. மேட்டுநிலத்தில் எழும் மூன்று மாடி வீட்டுக்கான கட்டட அனுமதியாக வருகிறது. பக்கத்து வளவில் திறக்கப்படும் கராஜுக்கான உரிமமாக வருகிறது. இவை எல்லாவற்றிலும் இருப்பது பிரதேச சபையின் முத்திரை. உறுப்பினர் தேர்தல் மேடையில் மரம் நடுவதைப் பற்றி என்ன பேசினார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தக் காகிதங்கள் சபைக்கு வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதுதான் சுற்றாடல் பற்றிய அவருடைய உண்மையான கருத்து.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தெருவிலிருந்தும் வீடுகளிலிருந்தும் சபை சேகரிக்கும் குப்பை சபையின் சொத்து என்கிறது 93ஆம் பிரிவு. அதை யாருக்கும் தொல்லை இல்லாமல் அகற்றுவதற்குத் தகுந்த இடத்தையும் வசதிகளையும் சபையே ஏற்படுத்த வேண்டும் என்கிறது 94ஆம் பிரிவு. சபையின் வண்டி ஏற்றிச் சென்ற குப்பை பிறகு ஒரு ஓடைக்கரையிலோ வயலோரத்திலோ கிடந்தால், அது யாருடைய பொறுப்பு என்று விவாதிக்க வேண்டிய தேவையே இல்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது.

சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது அது. பெரிய தொழிற்சாலைகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையே அதை வழங்குகிறது. மாசு குறைவாக ஏற்படுத்தும் சிறு தொழில்களுக்கு அதை வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறது. வெதுப்பகம், சிறிய கோழிப்பண்ணை, வாகனம் திருத்துமிடம் போன்றவை இந்த வகையில் அடங்கும். கழிவு எண்ணெயை எங்கே விடுவது, கோழிக் கழிவை என்ன செய்வது, சத்தம் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்க இந்தப் பத்திரத்தில் இடம் உண்டு. நிபந்தனையை மீறினால் அனுமதியைப் புதுப்பிக்காமல் விடவும் முடியும். பக்கத்து கராஜின் எண்ணெய் மழை நாட்களில் உங்கள் கிணற்றோரம் வழிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புகார் போகவேண்டிய முதல் இடம் கொழும்பு இல்லை, குண்டசாலை.

இதையெல்லாம் உறுப்பினர்களிடம் எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் முதலில் வரும் பதில், தங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது. பாதி இடங்களில் இது உண்மையல்ல என்பதை மேலே சொன்னேன். மீதிப் பாதியில் அதிகாரம் பங்கு பிரிந்து கிடக்கிறது. திகனப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் அகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஓகஸ்ட் 29 இரவு திகன, ஹாரகம, அநுரகம பகுதிகளில் நிலம் அதிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டில் அதன் பிறகும் அதிர்ந்தது. சிலர் கல் அகழ்வைக் குற்றம் சொன்னார்கள், சிலர் விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சொன்னார்கள், சுவர் வெடித்த வீடுகளில் இருந்தவர்கள் இரவில் தூங்கப் பயந்தார்கள். அகழ்வுக்கான அனுமதியைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் வழங்குகிறது. ஆனால் அந்த இடத்தில் தொழில் நடத்துவதற்கான உரிமம் பிரதேச சபையிடமிருந்து வரவேண்டும். ஒரு சபை தன் மேசைக்கு வரும் அந்த ஒரு தாளைக் கவனமாகப் படித்து, வெடி வைக்கும் நேரத்தையும், லொறி போகும் பாதையையும், தூசு அடக்கத் தண்ணீர் தெளிப்பதையும் பற்றிக் கேள்வி கேட்டால், பணியகமும் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

உரிமம் என்ற ஒரு தாளால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பெருமாட்டி என்று ஒரு கிராம பஞ்சாயத்து இருக்கிறது. அங்கே பிளாச்சிமடையில் கொக்கா கோலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஆலை திறந்தது. உரிமம் கொடுத்ததும் அந்தப் பஞ்சாயத்துதான். கொஞ்ச காலத்தில் சுற்றிலும் இருந்த கிணறுகளில் தண்ணீர் கீழே போயிற்று, இருந்த தண்ணீரும் குடிக்க முடியாததாயிற்று. 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். தமிழ் பேசும் எரவாளர்களும் அவர்களில் இருந்தார்கள். மயிலம்மா என்ற பெண் முன்னால் நின்றார். 2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து என்ற அடிப்படையில் அந்த ஆண்டு டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கம்பனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் நிரந்தரமாக இயங்கவில்லை. மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என்று 2017இல் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அந்த ஆலையிடமிருந்து பஞ்சாயத்துக்கு வரியும் உரிமக் கட்டணமும் வந்துகொண்டிருந்தன. அந்த வருமானத்தை விட்டுவிட்டுத்தான் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். உலகத்தின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்றை ஒரு கிராம சபை தடுத்து நிறுத்த முடியுமென்றால், குண்டசாலையில் ஒரு வாகனக் கழுவகத்துக்கு நிபந்தனை விதிக்க முடியாது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உறுப்பினர்கள் சொல்லும் அடுத்த பதில், காசு இல்லை. இதில் உண்மை உண்டு. சோலைவரி, உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று வருகிற வருமானத்தில்தான் சபை ஓடவேண்டியிருக்கிறது. தெருவிளக்கும் வீதியும் கேட்டுத் தினமும் ஆட்கள் வருகிறார்கள். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. சபைக்கு மேலே மாகாண மட்டத்தில் மக்கள் தெரிவு செய்த பிரதிநிதி ஒருவர்கூட இல்லை என்று இதற்கு அர்த்தம். அந்தச் சுமையும் சேர்த்துத்தான் பிரதேச சபையின் தலையில் விழுகிறது. ஆனாலும் குப்பை வகைபிரித்து எடுப்பதற்குப் பணத்தைவிட ஒழுங்குதான் அதிகம் வேண்டும். டிரக்டர் வரும் காலையில் உங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள். வாழையிலையும் சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும், பம்பர்ஸும் உடைந்த பல்புமாக எல்லாம் ஒரே சொப்பிங் பையில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். சமையலறைக் கழிவு தனியாக வந்திருந்தால் அது கூட்டுப்பசளை. மற்றதோடு கலந்தபின் அது நாற்றம் மட்டுமே. கேரளத்தின் ஆலப்புழை நகரம் 2012இல் இந்த இடத்தில்தான் திருப்பம் எடுத்தது. நகரக் குப்பை கொட்டப்பட்ட கிராமத்து மக்கள் லொறிகளை மறித்தார்கள். வேறு வழியில்லாமல் நகரம் வீடுவீடாகப் பசளைக் குழாயும் உயிர்வாயுக் கலனும் கொடுத்தது. 2017இல் ஐ.நா. சுற்றாடல் திட்டம் கழிவு முகாமைத்துவத்துக்காகப் பாராட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

நம் பக்கத்தில் திருப்பம் எடுக்காததன் விலையும் தெரியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொலன்னாவை மீத்தொட்டமுல்லயில் கொழும்பு நகரின் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். அந்தக் குப்பை அவர்களுடையது அல்ல. பக்கத்து மாநகரத்தினுடையது.

கண்டிக்கும் இப்படி ஒன்று உண்டு. மாநகர சபையின் குப்பை பல ஆண்டுகளாகக் கொஹாகொடயில், மகாவலிக் கரையோரம் கொட்டப்படுகிறது. மழையில் அதிலிருந்து வடியும் கறுப்புக் கசிவு எங்கே போகும் என்பதற்கு நிபுணர் தேவையில்லை, சரிவு ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது. அந்த ஆறு கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்ல என்று வந்து, குண்டசாலையைச் சுற்றிக்கொண்டு விக்டோரியாவுக்குப் போகிறது. பொல்கொல்லயில் ஒரு பகுதி நீர் சுரங்க வழியாக உக்குவெலப் பக்கம் திரும்பிவிடுகிறது. மிச்சம் உங்கள் ஊர் வழியாக வருகிறது. நகரம் கழித்ததைக் கீழே இருப்பவர்கள் பெறுகிறார்கள். ஆகவே குண்டசாலை உறுப்பினர்கள் தங்கள் எல்லைக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. கண்டி மாநகர சபையிடம் உத்தியோகபூர்வமாகக் கடிதம் எழுதி, கொஹாகொடக் கசிவு பற்றி அறிக்கை கேட்கும் தீர்மானம் ஒன்றைச் சபையில் நிறைவேற்ற அவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. கீழ்க்கரைச் சபைகள் எல்லாம் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் இறந்தவர்கள் 600க்கும் மேல். அதில் கண்டி மாவட்டத்தின் இழப்புதான் மிக அதிகம், பெரும்பாலும் மண்சரிவால். அத்தனை மழை பெய்தால் எந்தச் சபையும் தடுத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எந்தச் சரிவை எந்த அளவுக்கு வெட்டலாம், மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், தாங்குசுவர் இல்லாமல் மேலே வீடு கட்டலாமா என்பவை மழைக்கு முந்திய கேள்விகள். மண்சரிவு அபாயப் பகுதியில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறதா, அதில் சொன்ன நிபந்தனைப்படி வேலை நடந்ததா என்று பார்ப்பது சபையின் வேலை. தெரிந்தவருடைய கோப்பை விரைவாக முடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு உறுப்பினர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், எத்தனை மரக்கன்று நட்டிருந்தாலும், அவர் சுற்றாடலுக்கு எதிரானவர். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

லயத்தில் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதைத் தனியே குறிப்பிடுகிறேன். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு என்று நம் தொழிற்சங்கத் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் பேசிவந்தது நினைவிருக்கும். தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவிட அது தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள், அவர்கள் வாக்கில் உறுப்பினர்கள் வந்தார்கள், ஆனால் சபையின் டிரக்டர் தோட்டத்து வாசலோடு திரும்பியது. லயத்துக் குப்பை கானுக்குள்ளும் தேயிலைச் சரிவிலும் போனதற்கு அங்கே இருந்தவர்களைக் குறைசொல்வது அநியாயம். அவர்களுக்கு வேறு இடமே தரப்படவில்லை. 2018இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. இப்போது சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. ஆனாலும் சட்டம் மாறியது தெரியாமல் பழைய காரணத்தையே சொல்கிற சபைகள் மலையகத்தில் இன்னும் இருக்கின்றன. உங்கள் பகுதியில் தோட்டக் குடியிருப்புகளுக்குக் குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் போகிறது என்று கேளுங்கள். உறுப்பினர் ஒருவரின் சுற்றாடல் அக்கறை எல்லோருக்குமானதா, பிரதான வீதியில் இருப்பவர்களுக்கு மட்டுமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

மக்கள் கேட்பதில்லை என்றும் உறுப்பினர்கள் சொல்வதுண்டு. அது நம்மேல் விழும் குற்றச்சாட்டு, நியாயமானதும்கூட. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தல் பணம் இல்லை என்று நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்தான் சபை. அந்தக் காலத்தில் வீதி உடைந்தது என்று மக்கள் முறையிட்டார்கள், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட்டார்கள். எத்தனை சுற்றாடல் அனுமதி வழங்கப்பட்டது, எந்தச் சரிவில் கட்ட இடம் கொடுக்கப்பட்டது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்பவர் இல்லாத கோப்பு எப்படி நகரும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

2025 ஜனவரி முதலாம் திகதி தொடங்கிய ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் சிரமதானங்கள் நடக்கின்றன, உறுப்பினர்களும் கையுறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். நல்ல காரியம்தான், நீங்களும் போங்கள். போய், பொறுக்கிய குப்பை எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கேட்டு வாருங்கள்.

இன்னொன்று. பேண்தகு சமூகம் என்ற பேச்சில் மரமும் தண்ணீரும் வருகிற அளவுக்கு மனிதர்கள் வருவதில்லை. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல். மார்ச் முதல் வாரத்தில் திகனயிலும் தெல்தெனியப் பக்கமும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்தது. ஒரே ஆற்றில் தண்ணீர் குடிக்கிறவர்கள், ஒரே வாய்க்கால் அடைத்தால் ஒன்றாக நுளம்புக்கடி படுகிறவர்கள், அவர்களுக்குள் இது நடந்தது. அதனால்தான் பிரதேச சபைச் சட்டத்தில் உள்ள ஒரு வசதி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சுற்றாடல், வசதிகள் சம்பந்தமாகச் சபைக்கு ஆலோசனை சொல்லக் குழு அமைக்கலாம், அதில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. விகாரையோடும் பள்ளிவாசலோடும் கோவிலோடும் இருப்பவர்கள், குண்டசாலை விவசாயப் பாடசாலையில் மண்ணைப் படித்தவர்கள், தோட்டத்திலிருந்து ஒரு பெண், இவர்கள் மாதம் ஒருமுறை ஒரு மேசையில் உட்கார்ந்து வாய்க்காலைப் பற்றிப் பேசினால், வாய்க்காலோடு வேறு பலவும் சீராகும் என்று நம்புகிறேன். 25 வீதப் பெண்கள் ஒதுக்கீடு வருவதற்கு முன் நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. இப்போது சபைக்குள் போயிருக்கும் பெண் உறுப்பினர்களை முதலில் அணுகுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளின் கஷ்டத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. வேலைநாட்கள் 14க்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் நடைமுறையில் இருக்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரங்களின் பட்டியல், அந்தக் கராஜுக்கு விதித்த நிபந்தனைகள், குப்பை கொட்டப்படும் இடம், சுற்றாடல் குழு அமைக்கப்பட்டிருந்தால் அதன் கூட்டறிக்கைகள், இவற்றைக் கேளுங்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினரைப் பாருங்கள். வெறும் முறைப்பாட்டோடு போகிறவரிடம் பேசுகிற மாதிரி அவர் உங்களிடம் பேசமாட்டார்.

அடுத்த ஆண்டுக்கான சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறிவிடும். ஆகவே ஒக்டோபருக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்துப் பேரிடமாவது கையெழுத்து வாங்கி, வகைபிரித்த குப்பை சேகரிப்புக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கும் எவ்வளவு ஒதுக்கப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரும் முஸ்லிம் அயலவர் ஒருவரும் அந்தக் கடிதத்தில் முதல் மூன்று கையெழுத்துக்குள் இருக்கட்டும். கிடைக்கும் பதிலின் பிரதியை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்